முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கன்னடம்

போன வாரம் உங்க ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு கூப்பிட்டாங்க. வந்தேன், பேசினேன். முடிச்சதும் எல்லாரும் கைதட்டினீங்க. பஸ் ஏறி வீடு வந்து சேர்ற வரைக்கும் அந்தக் கைதட்டல் காதுலயே நின்னுச்சு. சந்தோஷமா இல்ல, உறுத்தலா. எதுக்குக் கைதட்டினாங்க, நான் சொன்னதுல எதை நம்பிட்டாங்கன்னு ரெண்டு நாளா ஒரே யோசனை. அதான் உக்காந்து எழுதறேன். அன்னிக்கு வகுப்புக்கு வராதவங்களும் இருப்பீங்க, அதனால முதல்ல இருந்தே சொல்றேன்.

நான் யாரையும் லேசுல நம்பற ஆள் இல்ல. எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, "சாமியே நேர்ல வந்து நின்னாலும் நீ ஆதார் கார்டு கேப்ப"ன்னு. கேப்பேன். ஏன் கேக்கக் கூடாது? மத்தூர்ல பிறந்து வளர்ந்து, ஜூஜுவாடிக்குப் பக்கத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில தமிழ் டீச்சரா வேலை பார்த்து, அங்கயே ரிட்டையர் ஆனவ நான். கன்னட பார்டர்ல குடியிருந்தா சந்தேகம் தானா வந்துடும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். நடுவுல நிக்கறவன் எந்தப் பக்கம் லாபமோ அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிக்குவான்.

உங்க கையில ஒரு அட்டை குடுத்திருக்காங்களே, பளபளன்னு லேமினேஷன் போட்டு. கதை இல்லாத பாடத்தை எப்படிப் படிச்சுப் புரிஞ்சுக்க வைக்கறதுன்னு. தலைப்பைப் பார், தடிச்ச எழுத்தைப் பார், முதல் வரியையும் கடைசி வரியையும் பார், முக்கியமானதை அடிக்கோடிடு, அப்புறம் சுருக்கி எழுது. தப்புன்னு ஒண்ணுகூடச் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் நானும் சொல்லிக் குடுத்திருக்கேன். கடைசியா இருக்கற "சுருக்கி எழுது" இருக்கு பாருங்க, அதுதான் என்னைக் கவுத்துச்சு.

எங்க பிள்ளைங்க எப்படின்னு உங்களுக்குத் தெரியும். வீட்டுல தெலுங்கு, கடையில கன்னடம், பள்ளிக்கூடத்துல தமிழ். கம்பெனி வேலைக்குன்னு மதுரை, திருநெல்வேலி பக்கமிருந்து வந்தவங்க பிள்ளைங்க பேசற தமிழ் இன்னொரு தினுசு. செய்யுளைக் குடுத்தா கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க. கதையைக் குடுத்தா கண்ணுல தண்ணி விடுவாங்க. ஆனா ஒரு நோட்டீஸைக் கையில குடுத்தா அப்படியே நம்பிடுவாங்க. அச்சுல வந்துட்டா அது உண்மைதான்னு ஒரு நினைப்பு. எனக்கு அதைப் பார்த்தா பத்திக்கிட்டு வரும்.

அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை காகிதம்னு ஒரு பழக்கம் கொண்டு வந்தேன். வாரா வாரம் ஒவ்வொருத்தரும் வெளியில இருந்து ஒரு காகிதம் கொண்டு வரணும். மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பானே அது, குக்கர் கேரண்டி அட்டை, பஸ் ஸ்டாண்டுல குடுக்கற துண்டு நோட்டீஸ், கம்பெனி கேட்டுல ஒட்டினதைப் பார்த்து எழுதிட்டு வந்தது, எதுவானாலும் சரி. போர்டுல நாலு கேள்வி எழுதிடுவேன். யார் எழுதினது? யாருக்கு எழுதினது? உங்களுக்கு எப்படித் தெரியும்னு எழுதினவங்களைக் கேட்டா என்ன சொல்வாங்க? எதைச் சொல்லாம விட்டாங்க? சந்தேகம் வர்ற இடத்துல எல்லாம் சிவப்புப் பேனாவுல கோடு போடணும்.

நல்லாத்தான் போச்சு. டியூஷன் சென்டர் நோட்டீஸ்ல "எங்கள் மாணவர்கள் முதலிடம்"னு போட்டிருந்தான். பின் பெஞ்சுல இருந்து ஒருத்தன், "எத்தனை பேர் எழுதினதுல டீச்சர் முதலிடம்?"னு கேட்டான். கிளாஸே சிரிச்சுது. ஏழே நாள்ல வெளுப்பாக்கற கிரீம் நோட்டீஸ்ல கோடு போட்டு போட்டு, கடைசியில கம்பெனி பேரைத் தவிர எல்லாமே சிவப்பாயிடுச்சு. ஒரு நாள் ஹெட்மாஸ்டர் அனுப்பின சுற்றறிக்கையே கோடு கோடா திரும்பி வந்துச்சு. அவரு என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா, பிள்ளைங்களைப் போலீஸ் வேலைக்குத் தயார் பண்றீங்களா?"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை.

அந்த வருஷம் பத்தாவதுல மஞ்சுளான்னு ஒரு பொண்ணு. அஞ்சாவது வரைக்கும் பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில பாட்டி வீட்டுல இருந்து கன்னடத்துல படிச்சவ. அப்பா லாரி ஓட்டறாரு, மாசத்துல நாலு நாள் வீட்டுல இருந்தா அதிகம். அம்மா ரத்னம்மா கெலவரப்பள்ளி பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துல, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ள பூ வெட்டற வேலை. மஞ்சுளா முதல் வெள்ளிக்கிழமை கொண்டு வந்த காகிதம் பூச்சி மருந்து பாட்டிலோட வர்றது. அகலமா விரிச்சா பத்து மொழியில பொடிப்பொடியா எழுத்து. மருந்து அடிச்சு இத்தனை மணி நேரத்துக்கு உள்ள போகக் கூடாதுன்னு அதுல இருக்குன்னா. "எங்கம்மா அடிச்ச உடனேயே போறாங்க டீச்சர். யாரும் சொல்லல. நைட்டெல்லாம் இருமறாங்க"ன்னா. அவளுக்கு ப்ளஸ் ஒன்ல சயின்ஸ் எடுக்கணும், அப்புறம் வேளாண்மை படிக்கணும். அந்த எண்ணம் அன்னிக்கே அவ மனசுல விழுந்துடுச்சுன்னு நினைக்கறேன்.

அவகிட்ட ஒரு வழக்கம். எந்தக் காகிதத்துல தமிழும் கன்னடமும் இருந்தாலும் ரெண்டையும் படிப்பா. ஒண்ணோட ஒண்ணை ஒத்துப் பார்ப்பா. நேரம் ஆகும். எனக்கு அவசரம், சிலபஸ் முடிக்கணும். "ரெண்டும் ஒண்ணுதாண்டி, ஒண்ணைப் படிச்சா போதும்"னு ரெண்டு மூணு தடவை சொல்லியிருக்கேன். எனக்குக் கன்னடத்துல கடை போர்டுகூடப் படிக்கத் தெரியாது. அத்தனை வருஷம் பார்டர்ல இருந்தும் கத்துக்கல. அது ஒரு திமிருதான், வேற என்ன.

இப்ப சுரேஷைப் பத்திச் சொல்லணும். சுரேஷ் என் பழைய மாணவன். சுருக்கி எழுதறதுல அவனை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரு பத்தியைக் குடுத்து மூணுல ஒரு பங்கா சுருக்குன்னா, எண்ணி எடுத்து வச்ச மாதிரி இருக்கும். உதாரணம் போயிடும், விவரம் போயிடும், முக்கியமானது மட்டும் நிக்கும். அவன் விடைத்தாளை எத்தனையோ வருஷம் பத்திரமா வச்சிருந்து மத்த பிள்ளைங்களுக்குக் காட்டியிருக்கேன். பெத்த பிள்ளைகூட அப்படி இல்ல, அவ்வளவு பாசம். இப்ப அவன் பார்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில ஆள் எடுக்கற பிரிவுல இருக்கான்.

ஒரு நாள் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துல அடையாள அட்டை, கையில மைசூர் பாக் டப்பா. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பார்க்க என் கால்ல விழுந்தான். பத்தாவது முடிக்கற பொண்ணுங்களுக்கு அவங்க கம்பெனியில மூணு வருஷப் பயிற்சி, ஹாஸ்டல், சாப்பாடு, முடிச்சதும் வேலைன்னான். ஒரு படிவம் கட்டுக் கட்டா கொண்டு வந்திருந்தான். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கன்னடம். "தமிழ் நான்தான் டீச்சர் எழுதினேன். உங்க மாணவன் எழுத்து, பாருங்க"ன்னான்.

பார்த்தேன். தலைப்பு "முக்கிய அம்சங்கள்". கீழ ஆறு வரி. தெளிவா, பிழை இல்லாம, வழவழன்னு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த வெள்ளிக்கிழமை என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் படிவத்தையே வகுப்புல ஆளுக்கொண்ணு குடுத்தேன். "இன்னிக்குச் சிவப்புப் பேனாவை மூடி வைங்க. இது நம்ம சுரேஷ் அண்ணன் எழுதினது. சுருக்கம்னா எப்படி இருக்கணும்னு பார்த்துக்கங்க"ன்னேன். குக்கர் அட்டையைக்கூட நம்பாதீங்கன்னு சொல்லிக் குடுத்தவ, அன்னிக்கு என் வாயாலயே பேனாவை மூடச் சொன்னேன்.

மஞ்சுளா எழுந்தா. "டீச்சர், பின்னால பன்னெண்டு இருக்கு. முன்னால ஆறுதான் இருக்கு."

"சுருக்கம்னா குறைச்சலாத்தான் இருக்கும். உக்காரு."

"இல்ல டீச்சர், ஒன்பதாவதுல..."

"மஞ்சுளா, உனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி. அண்ணன் நம்ம ஸ்கூல் பிள்ளை. உக்காருன்னேன்ல?"

உக்காந்துட்டா. அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்க்கல. திமிர் பிடிச்ச கழுதைன்னு மனசுக்குள்ள திட்டினேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பெத்தவங்களை வரச் சொல்லியிருந்தோம். பதினோரு அம்மாக்கள் வந்திருந்தாங்க, வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு. பொண்ணுங்க அவங்கவங்க அம்மா பக்கத்துல. சுரேஷ் பேசினான், நல்லாப் பேசினான். கடைசியில ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தாரு. நான் எழுந்து, "தைரியமா கையெழுத்துப் போடுங்க, நான் பொறுப்பு"ன்னேன். அந்த வார்த்தையை இன்னிக்கு நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ரத்னம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "பன்னெண்டாவது படிச்சாலும் அதே கம்பெனிக்குத்தானே டீச்சரம்மா போகப் போறா. இதுல ஹாஸ்டல் இருக்கு, பொம்பளைப் பிள்ளை பஸ்ஸுல அலைய வேணாம். அவங்கப்பாவும் ஊர்ல இல்ல, எனக்கும் நிம்மதி"ன்னா. பேனாவை வாங்கினா. கையெழுத்துப் போடற இடத்தைத் தேடினா. முன்பக்கம் இல்ல. சுரேஷ் காகிதத்தைத் திருப்பி, கன்னடப் பக்கத்துக் கீழ விரலை வச்சுக் காட்டினான்.

மஞ்சுளா அந்தக் காகிதத்து மேல கையை வச்சு மூடிட்டா.

"எந்துக்கே?"ன்னா அம்மா. ஏண்டின்னு தெலுங்குல கேட்டா. மக கையை எடுக்கல. "டீச்சரம்மா, இவளை நீங்களே என்னன்னு கேளுங்க"ன்னு என்னைக் கூப்பிட்டா. நான் வேகமாப் போனேன். "மஞ்சுளா, பெரியவங்க நடுவுல என்னடி இது, கையை எடு"ன்னேன்.

அவ என்னைப் பார்க்கவே இல்ல. காகிதத்தைக் கையில எடுத்தா, எழுந்து நின்னா, கன்னடத்துல சத்தமாப் படிக்க ஆரம்பிச்சா. ஒண்ணாவதுல இருந்து வரிசையா.

அந்த ரூம்ல எத்தனை பேருக்குக் கன்னடம் புரியும்னு நான் அது வரைக்கும் யோசிச்சதே இல்ல. முக்கால்வாசிப் பேருக்குப் புரிஞ்சுது. அவ படிக்கப் படிக்க ஒவ்வொரு முகமா மாறுது. ஒருத்தி பக்கத்துல இருக்கறவளைக் கிள்ளறா. ஒருத்தி தன் கையில இருந்த படிவத்தைத் திருப்பிப் பார்க்கறா. ரத்னம்மா பேனாவை மெதுவா மேசையில வச்சா. முழிச்சுக்கிட்டு நின்னது தெக்கத்திப் பக்கமிருந்து வந்த ரெண்டு அம்மாக்களும், அப்புறம் நானும்தான். என் பள்ளிக்கூடத்துல, என் கண்ணு முன்னால, நான் பொறுப்புன்னு சொன்ன காகிதத்தை ஒரு பொண்ணு வாசிக்கறா, எனக்கு ஒரு வார்த்தை புரியல. வாழ்க்கையில அவ்வளவு அவமானமா நான் எப்பவும் உணர்ந்ததில்ல.

"டி.சி.யா? ஒரிஜினலா?"ன்னு ரத்னம்மா தமிழ்ல கேட்டா. சுரேஷைக் கேக்கல. என்னைக் கேட்டா.

இங்கதான் நீங்க கவனிக்கணும். அந்த நேரத்துல எனக்கு ரெண்டு வழி இருந்துச்சு. "சரி, பொண்ணு ஏதோ புரியாம படிக்குது, அப்புறம் பார்த்துக்கலாம்"னு சமாளிச்சிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துடுச்சு, பொய் சொல்ல மாட்டேன். பழகின வாய், சமாளிக்கத் தெரியாதா? சுரேஷ் மானம், என் மானம், ஹெட்மாஸ்டர் மானம் எல்லாம் காப்பாத்திடலாம். ஆனா ரத்னம்மா இருமினா. மருந்து இருமல். இதே பொண்ணு கொண்டு வந்த அந்தப் பூச்சி மருந்துக் காகிதம் ஞாபகத்துக்கு வந்துடுச்சு.

எங்க கணக்கு டீச்சருக்கு வீட்டு மொழியே கன்னடம். அவங்களைக் கூப்பிட்டு, "ஒன்பதாவதை எனக்குத் தமிழ்ல சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க"ன்னேன். அவங்க படிச்சுச் சொன்னாங்க. பயிற்சிக்குச் சேர்றவங்க மாற்றுச் சான்றிதழும் பத்தாவது மார்க் ஷீட்டும் ஒரிஜினலாவே கம்பெனியில ஒப்படைக்கணும். மூணு வருஷம் முடிஞ்ச பிறகுதான் திருப்பித் தருவாங்க. நடுவுல நின்னாலும் அதே மூணு வருஷம் கழிச்சுத்தான். அது இல்லாம எந்தப் பள்ளிக்கூடத்துல ப்ளஸ் ஒன் சேர்த்துக்குவாங்க? பொண்ணு வேணாம்னு வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் மூணு வருஷம் கையைக் கட்டிட்டு உக்கார வேண்டியதுதான்.

"சுரேஷ், இது ஏன் தமிழ்ல இல்ல?"ன்னேன்.

அவன் என்னைப் பார்த்தான். முகத்துல ஒரு பயமும் இல்ல, ஒரு கள்ளமும் தெரியல. "நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க? முக்கியமானதை வச்சுக்க, சின்னச் சின்ன விவரத்தை விட்டுடு, மூணுல ஒரு பங்கா எழுதுன்னு. இடம் கம்மி. பாதியாவது வரட்டும்னு ஆறு எழுதினேன். நிபந்தனையெல்லாம் விவரம்தானே?"

அவன் சொன்னது பொய்யில்ல. அப்படித்தான் நான் சொல்லிக் குடுத்தேன். வருஷா வருஷம், போர்டுல எழுதி, அடிக்கோடு போட்டு. யாருக்கு முக்கியம்னு ஒரு நாளும் கேட்டதில்ல. சேர்த்துக்கறவனுக்கு ஹாஸ்டலும் சாப்பாடும் முக்கிய அம்சம். சேர்றவளுக்கு அந்த ஒன்பதாவது வரிதான் உயிர். சுரேஷ் தெரிஞ்சு விட்டானா, என் பாடத்தை அப்படியே பின்பற்றி விட்டானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சில நாள் நல்லவன்னு தோணும். சில நாள் தோணாது.

"ஒன்பதாவதை அடிச்சுட்டுக் குடு, எல்லாரும் போடுவாங்க"ன்னேன். மேனேஜ்மென்ட் ஒத்துக்காதுன்னான். அப்ப எல்லார் கையில இருந்த பேனாவையும் நானே போய் வாங்கினேன். "நான் பொறுப்புன்னு சொன்னேன், அதை வாபஸ் வாங்கிக்கறேன். பன்னெண்டையும் கணக்கு டீச்சர் தமிழ்ல சொல்வாங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னேன். கேட்டாங்க. ஒன்பது பேர் படிவத்தை மடிச்சு வச்சுட்டாங்க. தெக்கத்தி அம்மாக்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அதுல ஒருத்தி சொன்னா, "எங்களுக்கு இங்க சொந்த பந்தம் யாரும் இல்ல டீச்சர். பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்குது, சர்டிபிகேட் அங்க இருந்தா என்ன." அதை நான் தடுக்கல. தெரிஞ்சு போடறது வேற. ஆனா மூணு நாளைக்கு எனக்குச் சோறு இறங்கல.

சுரேஷ் போறப்ப கால்ல விழல. மைசூர் பாக் டப்பா மேசையிலயே கிடந்துச்சு, யாரும் தொடல. கடைசியில சத்துணவு ஆயாம்மா எடுத்துப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டாங்க.

மஞ்சுளாவை மறுநாள் கூப்பிட்டேன். மன்னிப்பு கேட்டேன். பிள்ளைங்ககிட்ட மன்னிப்பு கேக்கறது உங்களுக்குப் பயிற்சியில சொல்லித் தர மாட்டாங்க, நான் சொல்றேன், கேளுங்க, ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க. அவ, "நீங்கதான டீச்சர் எதை விட்டாங்கன்னு கேக்கச் சொன்னீங்க"ன்னா. கோவமாத்தான் சொன்னா. அந்தக் கோவம் எனக்குப் பிடிச்சுது. ஜூன்ல சயின்ஸ் குரூப்ல சேர்ந்தா. இப்ப காலேஜ்ல வேளாண்மைதான் படிக்கறா.

அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் சுருக்கி எழுதறதை நான் வேற மாதிரி நடத்தினேன். மூணுல ஒரு பங்கு எழுதணும், பரீட்சைக்கு வேணும். அதுக்குக் கீழ ஒரு கோடு போட்டு, "நான் விட்டவை"ன்னு எழுதி, விட்டது ஒவ்வொண்ணையும் எழுதணும். யாருக்கு அது தேவைப்படும்னும் பக்கத்துல எழுதணும். பரீட்சையில அதுக்கு மார்க் கிடையாது. பிள்ளைங்க முணுமுணுப்பாங்க. எழுத வச்சேன்.

இது வரைக்கும்தான் போன வாரம் உங்ககிட்ட சொன்னேன். சந்தேகப்படச் சொல்லிக் குடுத்த டீச்சர், தான் பெருமையா நினைச்சவனை மட்டும் சந்தேகப்படல, ஒரு பொண்ணு அவங்க கண்ணைத் திறந்து வச்சா, டீச்சர் திருந்திட்டாங்க. நல்லா இருக்கில்ல? நீங்க கைதட்டினீங்க. ஆனா அதுவும் சுருக்கம்தான். அதுக்குக் கீழ நான் கோடு போடல. இப்பப் போடறேன்.

சுரேஷ் அந்தப் படிவத்தோட எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தது அது முதல் தடவை இல்ல. முந்தின வருஷமும் வந்தான். அந்தத் தடவை ஒரே ஒரு பொண்ணுதான் போனா. பேரு ராதிகா. விருதுநகர் பக்கமிருந்து வந்த குடும்பம், அப்பாவும் அம்மாவும் ரெண்டு பேருமே கம்பெனி வேலை, வீட்டுல ஒருத்தருக்கும் கன்னடம் படிக்கத் தெரியாது. பெத்தவங்க கையெழுத்துக்குக் கீழ சாட்சின்னு ஒரு கோடு இருந்துச்சு. "டீச்சர், நீங்க போட்டா எங்களுக்குத் தைரியம்"னு அவங்கப்பா சொன்னாரு. போட்டேன்.

ஏழெட்டு மாசம் கழிச்சு ராதிகா என்னைத் தேடி வந்தா. ப்ளஸ் ஒன்ல நர்சிங் குரூப் எடுக்கணும் டீச்சர், திரும்பி வந்துடறேன், ஆனா டி.சி.யைத் தர மாட்டேங்கறாங்கன்னா. நான் நம்பல. அந்தக் கம்பெனியை இல்ல, அவளை. வேலை கஷ்டமா இருக்கு, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கல, அதுக்கு ஒரு சாக்கு சொல்றான்னு நினைச்சேன். எந்தக் கம்பெனியாவது டி.சி.யைப் பிடிச்சு வச்சுக்குமான்னு அவளையே குறுக்கு விசாரணை பண்ணேன். "எதையும் பாதியில விடறது நல்ல பழக்கம் இல்லம்மா. ஏதாவதுன்னா சுரேஷ் அண்ணன் பார்த்துப்பான்"னு புத்தி சொல்லி அனுப்பினேன். ஊர்ல இருக்கற நோட்டீஸ் எல்லாத்துலயும் கோடு போட்டவ, என் முன்னால நின்னு அழுத பொண்ணு மேலதான் கோடு போட்டேன்.

மஞ்சுளா படிச்ச அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம்தான் எனக்கு ராதிகா சொன்னது உறைச்சுது. அந்த வாரமே அவளைக் கூட்டிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். ஆபீஸ்ல ஒருத்தர் ஃபைலை எடுத்துட்டு வந்தாரு. மரியாதையாத்தான் பேசினாரு. "எல்லாம் எழுதித்தானே வாங்கியிருக்கோம்"னு படிவத்தைத் திருப்பிக் காட்டி, கன்னடப் பக்கத்துக் கீழ விரல் வச்சாரு. "இந்தச் சாட்சி கையெழுத்து யாரோடதும்மா?"ன்னு கேட்டாரு.

"என்னோடது"ன்னேன்.

சர்டிபிகேட் கிடைக்கல. மூணு வருஷம் முடிஞ்சுதான் கிடைச்சுது. அதுக்குள்ள அவளுக்குக் கீழ ரெண்டு தங்கச்சிங்க படிக்க ஆரம்பிச்சுட்டாங்க, வீட்டுக்கு அவ சம்பளம் வேணும்னு ஆயிடுச்சு. இன்னிக்கும் ஒரு கம்பெனி லைன்லதான் நிக்கறா. பஸ் ஸ்டாண்டுல பார்த்தா ஓடி வந்து, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?"னு கேப்பா. அவ ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

அன்னிக்கு அந்த ஆபீஸை விட்டு வெளியில வந்து ரோட்டோரம் நின்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. ராதிகாதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "விடுங்க டீச்சர். உங்களுக்கும்தான் கன்னடம் தெரியாதே, நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னா.

எனக்குத் தெரியாதுதான். ஆனா ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்து நாற்காலியில பதினோரு வருஷமா கணக்கு டீச்சர் உக்காந்திருந்தாங்க. ராதிகாவோட படிவத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் அங்கதான் உக்காந்து நோட்டுத் திருத்திட்டிருந்தாங்க. போடறதுக்குப் பேனாவே அவங்ககிட்டதான் வாங்கினேன்.